பன்ஹான் சில்ப-ஆச்சா: மாகாணத்தை உயர்த்திய கை நாட்டை ஆண்டபோது

தாய்லாந்தின் தேர்தல் அரசியலைப் பற்றி எழுதுகிற எவரும் பன்ஹான் சில்ப-ஆச்சாவைத் தொடாமல் போக முடியாது. 1976இல் முதன்முதலாகத் தேர்தலில் வென்றவர். வேளாண்மை, போக்குவரத்து, தொழில், உள்துறை, நிதி என்று பணம் புழங்கும் பெரிய துறைகள் பலவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர். 1995 ஜூலையில் பிரதமரானவர். 16 மாதங்களில் அந்த நாற்காலியை இழந்தவர். அதன் பிறகும் இருபது ஆண்டுகள், 2016இல் இறக்கும்வரை, அவரைக் கேட்காமல் பாங்காக்கில் கூட்டணி பேசுவது அரிதாக இருந்தது.

அவரைப் பற்றிய தீர்ப்புகள் இரண்டு. தலைநகரின் நாளேடுகளுக்கு அவர் ‘நடமாடும் ஏடிஎம்’; பணத்தால் கட்சியையும் கட்சியால் பணத்தையும் வளர்த்தவர். அவருடைய சொந்த மாகாணமான சுபன்புரிக்கு அவர் தங்கள் ஊரைத் தலைநிமிரச் செய்த பிள்ளை. வெளியூர்க்காரர்கள் கேலியாகப் ‘பன்ஹான்புரி’ என்று அழைத்த பெயரை அங்குள்ளவர்கள் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளாகத் தாய் அரசியலை ஆராய்ந்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை விளக்கித் தள்ள முயன்றிருக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சுபன்புரியை உயர்த்திய திறமையும் பிரதமர் பதவியில் தோற்ற திறமையும் ஒன்றேதான்.

துணிக்கடையிலிருந்து ஒப்பந்தத்துக்கு

1932 ஆகஸ்டு 19 அன்று சுபன்புரிச் சந்தையில் ஜவுளி வியாபாரம் செய்த ஒரு சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சீனப் பெயர். அந்தத் தலைமுறையின் பல வணிகக் குடும்பங்களைப் போல் பின்னர் தாய்ப் பெயர் சூட்டிக்கொண்டார். இளம் வயதிலேயே பாங்காக் போனார். கட்டுமான நிறுவனம் தொடங்கினார். அரசு ஒப்பந்தங்களும், குடிநீர் விநியோகத்துக்கு வேண்டிய குளோரினை அரசுக்கு விற்கும் வியாபாரமும் அவரைப் பணக்காரராக்கின.

இந்தத் தொடக்கத்தில்தான் பிற்கால அரசியல்வாதியின் படிப்பு முழுவதும் இருக்கிறது. எந்த இலாகாவில் எந்த மேசையில் கோப்பு நிற்கும், மதிப்பீடு எப்படிப் போடப்படும், நிதியாண்டு முடியும் முன் பணத்தை எப்படி ஒதுக்கவைப்பது என்பதையெல்லாம் ஓர் ஒப்பந்தக்காரர் அறிந்திருப்பதுபோல் வேறு எந்த அரசியல்வாதியும் அறிவதில்லை. 1960களிலும் 1970களிலும் தாய் அரசு அமெரிக்க உதவியோடு சாலையும் அணையும் கட்டித்தள்ளிய காலம் அது. அந்தப் பணம் எல்லா மாகாணத்துக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பதைப் பன்ஹான் கோப்புகளின் பக்கத்திலிருந்து பார்த்தார்.

தேர்தலில் நிற்பதற்கு முன்பே பிறந்த ஊருக்கு நன்கொடை கொடுப்பவராக அவர் பெயரெடுத்திருந்தார். மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில் என்று போன நன்கொடைகளில் அவர் பெயரும் மனைவி ஜாம்சாய் பெயரும் சேர்ந்தே பொறிக்கப்பட்டன. ‘பன்ஹான் ஜாம்சாய் வித்யா’ என்ற பெயரோடு வரிசை எண் போட்ட பள்ளிகள் இன்றும் அந்த மாகாணத்தில் நடக்கின்றன. பௌத்தச் சமூகத்தில் புண்ணியமும் செல்வாக்கும் ஒன்றையொன்று வளர்ப்பவை. அரசியலுக்கு வருமுன்னே அவர் சேர்த்துவைத்த முதல் அதுதான்.

கட்சியும் துறைகளும்

1973 அக்டோபரில் மாணவர் எழுச்சி ராணுவ ஆட்சியைக் கவிழ்த்தபோது தாய்லாந்தில் கட்சிகள் புதிதாக முளைத்தன. 1974இல் பிரமான் அதிரேக்சான், சாத்திசாய் சுன்ஹவான் ஆகியோர் சார்ட் தாய் கட்சியைத் தொடங்கினார்கள். ராணுவமும் தொழிலதிபர்களும் திருமண உறவுகளும் பின்னிய குடும்பக் கட்சி அது. பரம்பரைப் பெயரோ பதவிப் பட்டையோ இல்லாத மாகாண வணிகர் ஒருவர் அதில் மேலே ஏற ஒரே வழி, கட்சிக்குத் தேவையான பணத்தையும் எம்.பி.க்களையும் கொண்டுவந்து சேர்ப்பது. பன்ஹான் அதைச் செய்தார். கட்சியின் பொதுச் செயலாளராகி, தேர்தல் செலவுக்கு வேட்பாளர்கள் கையேந்தும் இடமாக மாறினார். ஏடிஎம் என்ற பட்டம் அங்கிருந்து வந்தது.

அவர் வகித்த பதவிகளின் வரிசையைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 1980இல் பிரேம் தினசூலானந்தா அமைச்சரவையில் வேளாண்மை: பாசனக் கால்வாய்களின் துறை. 1986 முதல் 1988 வரை போக்குவரத்து: நெடுஞ்சாலைகளின் துறை. சாத்திசாய் பிரதமரானதும் முதலில் தொழில், பிறகு 1990இல் உள்துறை: மாகாண ஆளுநர்களை நியமிக்கும் துறை. அந்த ஆண்டின் முடிவில் நிதி. ஒரு மாகாணத்தில் வாய்க்கால் வெட்டவும், சாலை போடவும், அதிகாரிகளை மாற்றவும், இவற்றுக்கெல்லாம் காசு ஒதுக்கவும் எந்தெந்தக் கையெழுத்து வேண்டுமோ, அந்தந்த மேசைகளில் பத்து ஆண்டுகளுக்குள் அவர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்.

தாய் அரசின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இதன் பொருள் விளங்காது. பாங்காக் தவிர எந்த மாகாணத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் கிடையாது. உள்துறை அனுப்புகிற அதிகாரி வருவார். சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். பள்ளி, மருத்துவமனை, சாலை எல்லாவற்றுக்கும் திட்டமும் பணமும் தலைநகரின் துறைகளில் முடிவாகின்றன. மாகாணத்து வாக்காளருக்கு அந்தப் பெரிய எந்திரத்துக்குள் இருக்கும் ஒரே சொந்த ஆள் எம்.பி.தான். சட்டம் இயற்றுவது அவருடைய வேலை என்று அரசியல் சாசனம் சொல்லலாம். ஊர் அவரிடம் எதிர்பார்த்தது பாங்காக்கிலிருந்து பணத்தை இழுத்து வருவதை. அந்த வேலையில் பன்ஹானுக்கு இணையாக எவரும் இல்லை.

சுபன்புரியில் கட்டியது என்ன?

சுபன்புரி பாங்காக்குக்கு வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், தாச்சின் ஆற்றோரம் உள்ள நெல் விளையும் சமவெளி. வரலாற்றில் அதற்குப் பெயருண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் நரேசுவன் பர்மிய இளவரசரோடு யானை மேலிருந்து போரிட்டு வென்றதாகச் சொல்லப்படும் தோன்செடி அங்கேதான் இருக்கிறது. ‘குன் சாங் குன் பேன்’ என்ற நாட்டுப்புறக் காவியத்தின் களமும் அதுவே. லூக்துங் என்னும் நாட்டுப்புற இசை மரபின் பெரிய பாடகர்கள் பலர் அந்த மண்ணின் மைந்தர்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தலைநகருக்கு அருகிலேயே இருந்தும் எட்டாத ஊராக, படகையும் மண்சாலையையும் நம்பிய பின்தங்கிய ஊராக அது பேசப்பட்டது.

பன்ஹானின் காலத்தில் அந்தப் படம் தலைகீழானது. பாங்காக்கின் புறநகரான பாங்புவாதோங்கிலிருந்து சுபன்புரிக்கு வரும் 340ஆம் எண் நெடுஞ்சாலை பயணத்தைச் சுருக்கியது. மாகாண எல்லையைத் தாண்டியதும் சாலை அகன்று, நடுவில் செடிகளும் விளக்குகளும் வந்துவிடும் என்பது தாய்லாந்து முழுக்க அறிந்த நகைச்சுவை. நகரின் நடுவே பூங்காவுக்குள் 123 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பன்ஹான்-ஜாம்சாய் கோபுரம். 1998 ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து ஆட்டங்களை நடத்துமளவுக்கு விளையாட்டரங்கம் எழுந்தது. வடக்கே பூங் சவாக் ஏரியில் மீன் காட்சியகமும் விலங்குப் பூங்காவும் வந்தன. நகரத்துக் காவல் தெய்வத்தின் கோயிலருகே வானை நோக்கி வாய்திறந்த மாபெரும் டிராகன் வடிவில் சீன வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று 2008இல் திறக்கப்பட்டது.

கட்டியதைவிட முக்கியமானது கட்டியதைப் பராமரித்த விதம். சாலையில் குழியோ குப்பையோ கண்டால் பொறுப்பான அதிகாரியை அங்கேயே அழைத்து, மக்கள் முன்னால் கேள்வி கேட்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. பாங்காக்கிலிருந்து அனுப்பப்படும் அதிகாரிகள் மாகாணத்து மக்களை மேலிருந்து பார்த்தே பழகியவர்கள். அவர்களைச் சந்தைக்காரன் மகன் ஒருவர் கைகட்டி நிற்கவைத்ததை மக்கள் ரசித்தார்கள்.

ஆய்வாளர்களின் மூன்று விளக்கங்கள்

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் ஆய்வுலகம் பிரிகிறது.

முதல் விளக்கம் ஊழலை மையத்தில் வைக்கிறது. பாசுக் போங்பைசித், சங்சித் பிரியரங்சன் இருவரும் 1990களின் நடுவில் தாய் ஊழலைப் பற்றிச் செய்த ஆய்வுகளும், ரூத் மெக்வே தொகுத்த மாகாணப் பண அதிகாரம் பற்றிய கட்டுரைகளும் இந்த வரிசையில் வரும். 1970களுக்குப் பிறகு மாகாண வணிகர்களும் சட்டத்துக்குப் புறம்பான தொழில் செய்தவர்களும் தேர்தல் வழியே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, அமைச்சர் பதவியை முதலீட்டின் வருவாயாகக் கண்டார்கள் என்பது சுருக்கம். ‘ஜாவ் போ’ எனப்படும் உள்ளூர்த் தாதாக்கள், வாக்குத் தரகர்கள், வீடு வீடாகப் போகும் பணம் என்று இந்தச் சித்திரம் விரிகிறது. பெனடிக்ட் ஆண்டர்சன் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதையே எதிர்ப்பக்கமிருந்து வாசித்தார்: எம்.பி.க்களும் வேட்பாளர்களும் கொலைசெய்யப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றிருப்பது, நாடாளுமன்றத்துக்கு உண்மையான அதிகாரம் வந்துவிட்டதன் அடையாளம். பன்ஹானை இந்தச் சித்திரத்துக்குள் முழுமையாகப் பொருத்துவது கடினம். அவர்மீதான குற்றச்சாட்டுகள் ஒப்பந்தப் பணத்தையும் கட்சிப் பணத்தையும் சுற்றியே இருந்தன. துப்பாக்கி அவருடைய கருவி என்று பேசப்பட்டதில்லை.

இரண்டாம் விளக்கம் அனேக் லாவ்தமாதாஸ் 1990களில் முன்வைத்தது. தாய்லாந்தில் இரண்டு ஜனநாயகங்கள் இருக்கின்றன என்றார் அவர். எண்ணிக்கையில் பெரிய கிராமப்புறம் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது. நகரத்து நடுத்தர வர்க்கம் அதைக் கவிழ்க்கிறது. கிராமத்து வாக்காளருக்கு வாக்கு என்பது தன்னைக் கவனித்துக்கொள்கிற ஒருவரோடான உறவு. நகரத்தாருக்கு அது கொள்கைக்கும் நேர்மைக்குமான தீர்ப்பு. பன்ஹானின் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்தக் கோட்பாட்டுக்கென்றே நடந்ததுபோல் தோன்றும்.

மூன்றாம் விளக்கம் சுபன்புரியிலேயே நீண்ட காலம் களப்பணி செய்த யோஷினோரி நிஷிசாக்கியுடையது. 2011இல் நூலாக வந்த அந்த ஆய்வு, பணம், அச்சம், கைம்மாறு என்ற மூன்று வழக்கமான காரணங்களும் போதாது என்கிறது. மக்கள் அவரிடம் கண்டது மாகாணத்தின் மானம். எள்ளி நகையாடப்பட்ட ஊர், பிற மாகாணத்தார் வந்து பார்த்துப் பொறாமைப்படும் ஊரானது. அந்தப் பெருமையே அவருடைய அதிகாரத்தின் ஊற்று. வாக்குக்குப் பணம் வாங்காதவர்களும், அவரிடம் நேரடியாக எந்த உதவியும் பெறாதவர்களும் அவருக்கு வாக்களித்தது ஏன் என்பதற்கு இதுவே விடை என்றார் நிஷிசாக்கி.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றாம் விளக்கத்தின் உள்ளேயே ஒரு முள் இருக்கிறது. பெருமை என்பது ஒப்பீட்டில் வாழ்வது. சுபன்புரியின் சாலை அழகு, பக்கத்து மாகாணத்துச் சாலை அழகில்லாததால்தான் பேசப்படுகிறது. நாட்டின் நிதிநிலை அறிக்கையில் ஒரு மாகாணம் தன் பங்கைவிடக் கூடுதலாக எடுத்தால் இன்னொன்று குறைவாகப் பெறும். பன்ஹானின் சாதனை எல்லாருக்கும் செய்ய முடியாத சாதனை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் பிரதமரான கதையைப் படிக்க வேண்டும்.

ஆட்சிக் கவிழ்ப்புக்கும் தேர்தலுக்கும் நடுவே

1991 பிப்ரவரியில் ராணுவம் சாத்திசாய் அரசைக் கவிழ்த்தது. அமைச்சர்கள் பங்கு போட்டுத் தின்றார்கள் என்பது தளபதிகள் சொன்ன காரணம். சொத்துகளை ஆராய்ந்த குழு பன்ஹான் உட்படப் பல முன்னாள் அமைச்சர்கள் ‘வழக்கத்துக்கு மீறிய செல்வம்’ உடையவர்கள் என்று அறிவித்தது. குழுவுக்கு நீதிமன்றத்தின் அதிகாரம் கிடையாது என்று பின்னர் உச்ச நீதிமன்றம் கூறியதால் அந்த அறிவிப்பு செல்லாமல் போனது. குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை, பொய் என்று விசாரித்து முடிவாகவும் இல்லை. தாய் அரசியலில் ஊழல் குற்றச்சாட்டுகளின் கதி பெரும்பாலும் இதுதான். கவிழ்ப்பவர்களுக்கு அவை தேவைப்படும்போது எழுகின்றன. சட்டப்படி முடிவதற்குள் அரசியல் மாறிவிடுகிறது.

ராணுவம் கவிழ்த்த அரசில் அமைச்சராக இருந்தவர் 1992இல் தளபதி சுசிந்தாவின் அரசில் மீண்டும் போக்குவரத்து அமைச்சரானார். அந்த மே மாதத்தில் பாங்காக் தெருக்களில் போராட்டக்காரர்கள் சுடப்பட்டார்கள். சுசிந்தா பதவி விலகினார். ராணுவத்தை ஆதரித்த கட்சிகளை நாளேடுகள் ‘பேய்க் கட்சிகள்’ என்றும் எதிர்த்தவற்றைத் ‘தேவதைக் கட்சிகள்’ என்றும் பிரித்தன. சார்ட் தாய் முதல் பட்டியலில் இருந்தது. ஆனாலும் 1992 செப்டம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 79 இடங்கள் பெற, சார்ட் தாய் 77 இடங்களோடு வெறும் இரண்டு இடங்கள் பின்னால் நின்றது. பாங்காக்கின் அறச்சீற்றம் மாகாணங்களில் செல்லுபடியாகவில்லை.

1994இல் கட்சித் தலைவராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆன பன்ஹானுக்கு நல்ல ஆயுதம் கிடைத்தது. ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய நிலச் சீர்திருத்தப் பத்திரங்கள் புக்கெட் தீவில் வசதியானவர்கள் கைக்குப் போயின என்ற விவகாரம் ஜனநாயகக் கட்சிப் பிரதமர் சுவான் லீக்பாயின் அரசை உலுக்கியது. 1995 மே மாதத்தில் நாடாளுமன்றம் கலைந்தது. நேர்மைக்குப் பெயர்போன சுவானை நேர்மைப் பிரச்சினையிலேயே பன்ஹான் வீழ்த்தினார். ஜூலை 2 தேர்தலில் சார்ட் தாய்க்கு 92 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 86. ஏழு கட்சிக் கூட்டணியோடு அவர் பிரதமரானார்.

பதினாறு மாதங்கள்

முதல் தவறு அமைச்சரவையிலேயே தெரிந்தது. இத்தனை எம்.பி.க்கு ஓர் அமைச்சர் என்ற கணக்கில் துறைகள் பிரிந்தன. உள்துறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கட்சிக்குப் பெரும் எண்ணிக்கையில் எம்.பி.க்களைத் திரட்டித் தந்த சனோ தியெந்தோங் அந்தத் துறையை எதிர்பார்த்திருந்தார். கிடைத்தது பொதுச் சுகாதாரம். அந்த மனக்கசப்பின் விலை பிறகு தெரியவந்தது. பாங்காக் போக்குவரத்து நெரிசலைத் தீர்க்கும் பொறுப்பு துணைப் பிரதமராக வந்த தொலைத்தொடர்புச் செல்வந்தர் தக்சின் ஷினவத்ராவுக்குப் போனது. ஆகஸ்டில் மன்னர் பூமிபோல் தலைநகரின் நெரிசலையும் வெள்ளத்தையும் அரசு கையாளும் விதத்தை வெளிப்படையாகவே குறைகூறினார். தாய்லாந்தில் எந்த அரசும் எளிதில் மீளாத அடி அது.

வெளியுறவில் காட்சிகள் பொலிவாக இருந்தன. 1995 டிசம்பரில் பாங்காக்கில் கூடிய ஆசியான் உச்சி மாநாடு தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1996 மார்ச்சில் ஆசிய, ஐரோப்பியத் தலைவர்களின் முதல் மாநாடும் அங்கேயே நடந்தது. இவை பன்ஹானின் அரசுக்கு முன்பே கனிந்துவந்தவை. அவர் நல்ல விருந்தோம்புநராக இருந்தார்.

பொருளாதாரத்தில்தான் வினை வந்தது. 1996இல் பல ஆண்டுகள் பாய்ந்துவந்த ஏற்றுமதி வளர்ச்சி நின்றுபோனது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 8 சதவீதத்தை எட்டியது. மே மாதம் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது பாங்காக் வணிக வங்கியின் கணக்குகளை மேசையில் போட்டது. மதிப்பை ஊதிக்காட்டிய நிலங்களை அடமானமாக வைத்து, ஆளும் கூட்டணியின் இளம் அரசியல்வாதிகள் உட்படப் பலருக்கு வங்கி பெருங்கடன் கொடுத்திருந்தது. வங்கித் தலைவருக்கு ஆலோசகராக இருந்தவர் இந்தியாவில் பிறந்த ராகேஷ் சக்சேனா. கனடாவுக்குத் தப்பியோடிய அவரை நாடுகடத்தித் தாய்லாந்துக்குக் கொண்டுவர 2009வரை ஆயிற்று. நிதியமைச்சர் சுரகியார்ட் சதிரதாய் பதவி விலகினார். சில வாரங்களில் மத்திய வங்கியின் ஆளுநரும் விலகினார். அடுத்த ஆண்டு ஜூலையில் பாத் நாணயம் சரிந்தபோது ஆட்சியில் இருந்தவர் அவருக்குப் பின் பிரதமரான சவலித். ஆனால் எச்சரிக்கை மணி அடித்த ஆண்டு பன்ஹானுடையது. அதைக் கேட்டுச் செயல்படக்கூடிய நிதித்துறை அவரிடம் இல்லை.

செப்டம்பரில் இரண்டாம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அவருடைய சட்ட முதுகலை ஆய்வேடு பிறர் எழுத்தை எடுத்தாண்டது என்றார்கள். தந்தையின் குடியுரிமையைத் தோண்டி, தேர்தலில் நிற்கவே அவருக்குத் தகுதியில்லை என்று வாதாடினார்கள். சுவான் உட்படத் தாய் அரசியல்வாதிகளில் கணிசமானோர் சீன வம்சாவளியினர். அந்த அவையில் இப்படிப்பட்ட கேள்வி எழுந்ததே மாகாணத்துப் புதுப்பணக்காரரைத் தலைநகர் எப்படிப் பார்த்தது என்பதற்குச் சான்று. வாக்கெடுப்பில் ஆதரவளிக்கக் கூட்டணிக் கட்சிகள் ஒரு நிபந்தனை வைத்தன: ஒரு வாரத்துக்குள் அவர் விலகி இன்னொருவருக்கு வழிவிட வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார், வாக்கெடுப்பில் வென்றார், விலகுவதற்குப் பதிலாக செப்டம்பர் 27 அன்று நாடாளுமன்றத்தையே கலைத்தார்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நாளேடுகள் அவரைச் சொன்னது பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை வழுக்கியது அவர்தான். சனோ தன் ஆதரவாளர்களோடு சவலித் யோங்சாயுத்தின் புதிய எதிர்பார்ப்புக் கட்சிக்குப் போய்விட்டார். நவம்பர் 17 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 125 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 123. சார்ட் தாய் 92லிருந்து 39க்கு இறங்கியது. விலைகொடுத்துச் சேர்த்த எம்.பி.க்கள் கூடுதல் விலையைத் தேடிப் போனார்கள். சுபன்புரி மட்டும் அவரை விட்டு அசையவில்லை. கட்சியும் மாகாணமும் ஒரே பணத்தால் ஓடியவை என்றால் இரண்டும் சேர்ந்தே சரிந்திருக்க வேண்டும். நிஷிசாக்கியின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

தன் தலைமுறைக்கே எதிராக எழுதிய சட்டம்

அந்த 16 மாதங்களின் மிகப் பெரிய விளைவு பலரும் மறந்துவிட்ட ஒன்று. அரசியல் சீர்திருத்தம் செய்வேன் என்று தேர்தலில் கொடுத்த வாக்கின்படி, பன்ஹான் தன் தம்பி சும்போனின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். புதிய அரசியல் சாசனத்தை எழுத நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு அவையை உருவாக்கும் சட்டத்திருத்தம் அவருடைய ஆட்சியிலேயே நிறைவேறியது. மாகாணத்துக்கு ஒருவர் என 76 பேரும், நிபுணர்கள் 23 பேரும் சேர்ந்த 99 பேர் அவை எழுதிய சாசனம் 1997 அக்டோபர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சாசனத்தின் விதிகளைப் படித்தால் பன்ஹான் வகை அரசியல்வாதியை எதிரில் நிறுத்தி எழுதியதுபோல் இருக்கும். எம்.பி.க்குப் பட்டப்படிப்பு கட்டாயம். அமைச்சரானால் எம்.பி. பதவியை விட வேண்டும். நிதிநிலை அறிக்கையின் செலவில் எம்.பி.க்கள் தலையிடத் தடை. தேசியப் பட்டியலிலிருந்து 100 பேர். தேர்தல் ஆணையம், ஊழல் தடுப்பு ஆணையம், அரசியல் சாசன நீதிமன்றம் என்று தனித்த அமைப்புகள். சிறு கட்சிகளின் பேரத்தை ஒழித்து வலுவான பிரதமரை உருவாக்குவது நோக்கம்.

வலுவான பிரதமர் வந்தார். 2001இல் தக்சின் 30 பாத் மருத்துவம், கிராம நிதி போன்ற நாடு தழுவிய திட்டங்களோடு வென்றார். மாகாணம் மாகாணமாகப் பணத்தை இழுக்கும் அரசியலுக்கு மாற்றாக, எல்லா மாகாணத்துக்கும் ஒரே உரிமை தரும் கொள்கை அரசியல் முதன்முறையாகத் தேர்தலில் பெரும் வெற்றி பெற்றது. பன்ஹானால் செய்ய முடியாததை அவருடைய முன்னாள் துணைப் பிரதமர் செய்தார். அதிகாரம் ஒரே கையில் குவிந்ததும் அதன் கூடவே வந்தது; 2006இல் மீண்டும் ராணுவம்.

கூட்டணியின் கடைசி ஆண்டுகள்

எஞ்சிய இருபது ஆண்டுகளில் பன்ஹான் சிறு கட்சித் தலைவரானார். 1997 இறுதியில் பழைய எதிரி சுவானின் அரசில் சேர்ந்தார். 2001இல் தக்சினோடு. 2006 ஏப்ரல் தேர்தலை ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து புறக்கணித்தார். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் தக்சின் ஆதரவாளர்களின் கூட்டணியில் இணைந்தார். 2008 டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், தேர்தல் முறைகேட்டைக் காரணம்காட்டி ஆளும் கட்சியோடு சார்ட் தாயையும் கலைத்து, அவர் உட்பட நிர்வாகிகளை ஐந்தாண்டுகள் அரசியலிலிருந்து விலக்கியது. அவருடைய ஆட்சியில் விதைத்த சாசனச் சீர்திருத்தத்தின் வழியே வந்த நீதிமன்றம்தான் அவருடைய கட்சியை மூடியது.

கட்சி ‘சார்ட் தாய் பத்தனா’ என்ற பெயரில் தொடர்ந்தது. முதலில் தம்பி சும்போனும், பிறகு மகள் காஞ்சனாவும் மகன் வராவுத்தும் முன்னின்றார்கள். வராவுத் 2019 முதல் சுற்றுச்சூழல் அமைச்சராகவும், 2023 முதல் சமூக மேம்பாட்டு அமைச்சராகவும் இருந்தார். 2019இலும் 2023இலும் கட்சிக்குக் கிடைத்தவை 10 இடங்களே. 2016 ஏப்ரல் 23 அன்று பன்ஹான் 83 வயதில் பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனையில் இறந்தபோது நாட்டில் ராணுவ ஆட்சி. பேரம் பேசுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமே இல்லை.

மதிப்பீடு

அவருடைய ஊழலை மட்டும் பேசுவோர், அவர் வளர்ந்த அமைப்பு மாகாணத்து மக்களுக்கு வேறு எந்த வழியைத் திறந்துவைத்திருந்தது என்ற கேள்வியைத் தவிர்க்கிறார்கள். ஆளுநரைத் தேர்ந்தெடுக்க உரிமையில்லை. வரிப்பணத்தைத் தாங்களே செலவிட அதிகாரமில்லை. அந்த நிலையில் தங்களுக்காகச் சண்டைபிடிக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது அறியாமை அன்று. கிடைத்த ஒரே கருவியைச் சரியாகப் பயன்படுத்துவது.

அவருடைய சாதனையை மட்டும் பேசுவோர் இன்னொன்றை மறைக்கிறார்கள். தலைநகரிடம் வாதாடிப் பெறும் திறமை, தலைநகரமே தன் கையில் வந்த பிறகு எதற்கும் உதவவில்லை. சுபன்புரியின் எம்.பி. மற்ற மாகாணங்களை முந்த முடியும். பிரதமர் யாரை முந்துவது? வங்கிகளைக் கண்காணிக்கவும், நாணய மதிப்பைக் காக்கவும், தலைநகரின் வெள்ளத்தைத் தடுக்கவும் வேண்டியிருந்த நேரத்தில் துறைகளைப் பங்கு பிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு ஆட்சிமுறை தெரிந்திருக்கவில்லை. அது அவருடைய தனிப்பட்ட குறை மட்டுமன்று. எழுபதுக்கும் மேற்பட்ட மாகாணங்களிலிருந்து எழுபது பன்ஹான்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் அமைப்பு, அவர்களில் மிகத் திறமையானவரைப் பிரதமராக்கியது; நாட்டை ஆளும் திறமையை அது எங்குமே சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

தாய்லாந்தின் சீர்திருத்தவாதிகள் மூன்று அரசியல் சாசனங்களில் இந்த நோய்க்கு மருந்தாக அரசியல்வாதிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை எழுதினார்கள். மறுபக்கத்து மருந்தைத் தொடங்கிவைத்துக் கைவிட்டார்கள். 1999இன் அதிகாரப் பரவலாக்கச் சட்டம், 2006க்குள் அரசு வருவாயில் 35 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டும் என்றது. இலக்கை எட்டாமலே கட்டாய அளவை 25 சதவீதமாகக் குறைத்துச் சட்டம் திருத்தப்பட்டது. மாகாண நிர்வாக அமைப்புகளின் தலைவர்களை இன்று மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு மேலே உள்துறையின் ஆளுநர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலி பாங்காக்கின் நியமனமாக இருக்கும்வரை, தலைநகரிலிருந்து பணத்தை இழுத்துவரத் தெரிந்த ‘பெரிய வீடு’ எனப்படும் அரசியல் குடும்பங்களுக்கு மாகாணங்களில் வேலை இருந்துகொண்டே இருக்கும். பன்ஹானைக் குற்றவாளியாகவோ புரவலராகவோ நிறுத்துவதால் அந்த வேலை ஒழியாது. சுபன்புரிக்காரர்கள் தங்கள் சாலையைத் தாங்களே போட்டுக்கொள்ளும் அதிகாரம் பெற்றால்தான் ஒழியும்.